செவ்வாய்க்கிழமைக் கொடி

கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹேவன் கவுன்சில் தன் கொடியைக் கைவிடப் போகிறது என்ற செய்தியைத் துசியந்திக்கு முதலில் சொன்னவர் அவளுடைய கணவர் யோகராஜா. சனிக்கிழமை காலை, குளியலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் நின்றவர், கையில் ஸ்பானரோடு சமையலறைக்கு வந்து, தண்ணீர் பில் கூடிவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

"உம்மட கொடியைக் கவுன்சில் கழட்டப் போகுதாம்."

"என்ர கொடியோ?"

"வேற ஆரின்ர? வீட்டுக்கு வாற சனத்துக்கெல்லாம் படத்தைக் காட்டிக் கதை சொல்லுறது நீர்தானே."

அது உண்மைதான். அவர்கள் வீட்டு வாசற்கதவைத் திறந்ததும், கோட்டுகள் தொங்குகிற இடத்துக்கு மேலே ஒரு படம் இருக்கிறது. டவுன் ஹோல் பல்கனியில் மழையில் தெப்பமாக நனைந்தபடி ஒரு கூட்டம் பெண்கள். குட்டைப் பாவாடையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஈஸ்ட்ஹேவன் கொடி விரிந்திருக்கிறது. வலது பக்கத்தில், எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பவள் துசியந்தி. அப்போது அவளுக்கு வயது இருபத்துமூன்று. இப்போது ஐம்பத்தேழு. பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறாள். பல் பிடுங்க வந்து பயத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம்கூட அந்த வெற்றியின் கதையைச் சொல்லியிருக்கிறாள்.

கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடும் நீலத் துணி, மஞ்சள் கரை. நடுவில் பாய் விரித்த கப்பல் ஒன்று. கப்பலுக்குக் கீழே இடது மூலையில் சின்னதாக ஒரு மனித உருவம், முழந்தாளிட்டு, தலைக்கு மேலே ஒரு கூடையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும். கூடையில் இருப்பது சீனி. கப்பல், டவுன் ஹோலுக்கு நிலம் கொடுத்த பழைய காலத்துச் சீனி வியாபாரி ஒருவருடையது. முழந்தாளிட்டிருப்பவன் அவர் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த கறுப்பின மனிதர்களில் ஒருவன். இதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஆனால் யாரும் உரக்கச் சொன்னதுமில்லை. துறைமுகத்தில் வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்கு அது தங்கள் அப்பன்மார் சரக்கு இறக்கிய கப்பல். மற்றவர்களுக்கு அது கம்பத்தில் ஆடுகிற ஒரு துணி.

அந்தத் துணிக்காகத்தான் இப்போது ஊர் இரண்டாகக் கிடந்தது. ஒரு தேவாலயத்துக்காரர்கள் மனு கொடுத்தார்கள். அடுத்த வாரமே மற்றப் பக்கத்தார் லாம்புக் கம்பங்களில் கொடியைக் கட்டத் தொடங்கினார்கள். நூலகத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம் வைத்தார்கள்; அது கத்தலில் முடிந்தது. சலூன் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், பக்கத்துக் கோழிக்கடைக் கண்ணாடியில் அதற்கு எதிர் ஸ்டிக்கர் இருந்தது. கடைசியில் கவுன்சில் ஒரு தீர்மானத்தைத் தயாரித்தது: கொடிக்கு ஓய்வு கொடுப்பது, பழையதை மியூசியத்தில் வைப்பது, புதிதாக ஒன்று வரையச் சொல்வது. அடுத்த மாதம் வாக்கெடுப்பு. அதற்கு முன்னால் ஊரவர்கள் சிலர் எழுந்து பேசலாம்.

அன்று பின்னேரமே லின்டா போன் எடுத்தாள்.

லின்டாதான் அந்த அணியின் பயிற்சியாளர். துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகள், இப்போது எழுபதைத் தாண்டிவிட்டாள். துசியந்தி என்ற பெயரை ஒரு நாளும் முழுதாகச் சொன்னதில்லை. எப்போதும் டூசிதான். லின்டா சுற்றி வளைக்காமல் கேட்டாள். கொடியை வைத்திருக்கச் சொல்லி நீ சபையில் பேச வேண்டும் என்றாள்.

"நீ பேசினால் கேட்பார்கள், டூசி. என்னைப் போல ஒருத்தி எழுந்து நின்றால் முதல் வசனத்திலேயே காதைப் பொத்திக்கொள்வார்கள்."

துசியந்தி யோசிக்கவேயில்லை. ஓம் என்று சொல்லிவிட்டாள். லின்டா அவளிடம் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கொடுத்ததெல்லாம் லின்டா.

அன்றிரவு பாத்திரம் கழுவும்போது அவளுக்குப் பழசெல்லாம் வரிசை கட்டி வந்தது.

தொண்ணூறாம் ஆண்டு அவள் லண்டனுக்கு வந்தபோது மனோர் பார்க்கில் ஒன்றுவிட்ட அண்ணை வீட்டில் ஒரு சின்ன அறை கிடைத்தது. அண்ணை இரவு ஷிப்ட், அண்ணி பகல் ஷிப்ட். அவள் சாண்ட்விச் சுற்றும் ஒரு தொழிற்சாலையில் நின்றாள். அங்கே குளிர்சாதன அறைக்குள் நாள் முழுக்க நின்று முட்டை சாண்ட்விச் சுற்றினால் பேச்சு வராது, குளிர்தான் வரும். வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் ஒருவரோடும் கதைக்காமல் ஒரு வாரம் முழுக்கக் கழிந்த நாட்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலிஷ் தலைக்குள் இருந்தது. வாய்க்கு வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தாள். பொது நீச்சல் குளத்துக்குப் பின்னால், கம்பி வேலிக்குள், வெளிச்சம் போட்ட திடலில் பெண்கள் வலைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். துசியந்திக்குக் கால் நகரவில்லை. யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணிக்கு அவள்தான் பந்தை வலையில் போடுகிறவள். லண்டனில் தனக்குத் தெரிந்த ஒன்றை அவள் அன்றுதான் முதலில் கண்டாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பந்து வேலிக்கு மேலால் வந்து தெருவில் விழுந்தது. உள்ளேயிருந்து யாரோ மன்னிப்புக் கேட்கிற குரலில் ஏதோ சொன்னார்கள். அவள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பந்தை எடுத்தாள். நெஞ்சுக்கு நேரே பிடித்து, பனிக்காலக் கோட்டோடு, வேலிக்கு மேலால் எறிந்தாள். திடலின் நடுவில் நின்ற கறுப்பினப் பெண் ஒரு அடியும் அசையாமல் அதைப் பிடித்தாள். பிடித்துவிட்டுச் சிரித்தாள். அவள்தான் மார்வா. ஜமேக்காவில் பிறந்தவள், அப்போது மருத்துவச்சி வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

விசிலோடு ஒரு வெள்ளைக்காரி வந்து வேலிக் கதவைத் திறந்தாள். நீ யார் என்று கேட்டாள். பெயரைக் கேட்கிறாளா, ஊரைக் கேட்கிறாளா, இங்கே என்ன வேலை என்று கேட்கிறாளா என்று துசியந்திக்கு விளங்கவில்லை. "நான் கோல் ஷூட்டர்," என்றாள். லண்டனில் அவள் முழுதாகச் சொன்ன முதல் இங்கிலிஷ் வசனம் அது.

"அப்படியா?" என்றாள் லின்டா. "எங்களுடையவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. உள்ளே வா."

அதற்குப் பிறகு ஆறேழு வருடம் செவ்வாய்க்கிழமை என்றால் துசியந்திக்குத் திருநாள். மற்ற நாட்கள் அதற்காகக் காத்துக் கிடந்தன. மார்வா நடுத்திடலில் நின்று பந்தை எடுத்தால் திரும்பிப் பார்க்கவே மாட்டாள். துசியந்தி எங்கே நிற்பாள் என்று அவளுக்குத் தெரியும். பந்து வந்து கைக்குள் இருக்கும். பந்தோடு ஒரு அடி கூட வைத்தால், காலைப் பார் என்று லின்டா திடல் ஓரத்திலிருந்து கத்துவாள். விளையாட்டு முடிந்ததும் மூலைக் கடையில் சிப்ஸ் வாங்கி, வினிகர் ஊற்றி, சூடு தாளாமல் வாயைத் திறந்து திறந்து தின்பார்கள். காசு லின்டா கொடுப்பாள். லின்டாவின் தம்பியிடம் ஒரு வான் இருந்தது. மீன் மணம் அடிக்கும். அதில்தான் எல்லா ஊருக்கும் போனார்கள். மார்வா பாடுவாள், மற்றவர்கள் சுருதியில்லாமல் கூடப் பாடுவார்கள். துசியந்தி இங்கிலிஷ் கற்றுக்கொண்டது அந்த வானுக்குள். அதனால்தான் அவளுடைய இங்கிலிஷில் கொஞ்சம் துறைமுகமும் கொஞ்சம் ஜமேக்காவும் இருக்கிறது என்று யோகராஜா இன்றைக்கும் பகிடி பண்ணுவார்.

பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்த யோகராஜாவைக் கலியாணம் பேசி வந்தபோது, அவர் முதலில் அவளைப் பார்த்ததும் அந்தத் திடலில்தான். மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு ஒரு முழு ஆட்டமும் நின்றார். சட்டம் ஒன்றும் தெரியாமல் மற்ற அணி கோல் போட்டபோதும் கை தட்டினார். கலியாணத்துக்கு லின்டாவும் மார்வாவும் சேலை உடுத்து வந்தார்கள். லின்டாவின் கொசுவம் இரண்டு தடவை அவிழ்ந்தது. இரண்டு தடவையும் மார்வா குனிந்து செருகிவிட்டாள்.

கொடி எப்போதும் அவர்களோடு இருந்தது. டவுன் ஹோலில் கேட்டு வாங்கிய பழைய கொடி அது. ஆட்டம் நடக்கும் இடமெல்லாம் லின்டா அதை வேலியில் கட்டுவாள். தொண்ணூற்றோராம் ஆண்டு நகரசபைகளுக்கிடையிலான இறுதியாட்டம் தெற்கே சட்டன் பக்கத்தில் நடந்தது. கொட்டுகிற மழை. கடைசி நேரத்தில் மார்வா எறிந்த பந்தைத் துசியந்தி வலைக்குள் போட்டாள். வென்ற பிறகு அவளுக்குக் குளிரில் உதறத் தொடங்கிவிட்டது. ஸ்வெட்டர் பிழிந்தால் தண்ணீர். லின்டா வேலியிலிருந்து கொடியை அவிழ்த்து அவளைச் சுற்றிப் போர்த்தினாள். ஈரக் கொடிதான். ஆனாலும் அந்தச் சூட்டை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை. அடுத்த நாளும் மழை விடவில்லை. டவுன் ஹோல் பல்கனியில் மேயர் கை கொடுத்தபோது மார்வா கொடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், துசியந்தி மறுபக்கத்தைப் பிடித்தாள்.

அந்தக் கொடியையா கழற்றப் போகிறார்கள்?

மனுவில் முதல் கையெழுத்து மார்வாவுடையது என்று அவளுக்கு அடுத்த கிழமைதான் தெரியவந்தது. நம்ப முடியவில்லை. மார்வாவோடு தொடர்பு கிறிஸ்மஸ் கார்டும் பிறந்தநாள் போனும் என்ற அளவுக்குக் குறைந்துபோயிருந்தது. ஆனாலும் நேரே போய்க் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரோல்ஸ் பொரித்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். மார்வாவுக்கு அவள் செய்கிற ரோல்ஸ் என்றால் உயிர்.

மார்வா தேவாலயத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. டப்பாவைத் திறந்து நின்றபடியே ஒன்றைத் தின்றாள். பிள்ளைகள், முழங்கால் வலி, இறந்துபோன பழைய ஆட்கள் என்று எல்லாம் கதைத்தார்கள். கடைசியில் துசியந்தி கேட்டாள். கேட்கும்போது குரலில் கொஞ்சம் குறையும் வந்துவிட்டது. நீயும்தானே அதைத் தூக்கிப் பிடித்தாய், நாங்கள் எல்லாரும் சேர்ந்துதானே பிடித்தோம் என்றாள்.

மார்வா கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். "நான் எந்தப் பக்கம் பிடித்தேன்?" என்று கேட்டாள்.

"இடது பக்கம்."

"எப்போதும் இடது பக்கம். கீழ் மூலை. லின்டா வேலியில் கட்டும்போதும் அந்த மூலையை நான்தான் கட்டுவேன். நன்றாகச் சுருட்டி முடிச்சுப் போடுவேன். பல்கனியில் கட்ட இடமில்லை. கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்." மார்வா முட்டியை மூடிக் காட்டினாள். "அந்த மனிதன் இதற்குள் இருந்தான். அவன் முழந்தாளில் இருக்க, அவனுக்கு மேலே நின்று நான் சிரிக்க மாட்டேன் என்று நினைத்தேன்."

அத்தனை வருடம், அத்தனை ஆட்டம். மார்வா மூலையைச் சுருட்டுவதை அவள் கண்டிருக்கிறாள். காற்றுக்குப் படபடக்காமல் இருக்கத்தான் என்று நினைத்திருக்கிறாள். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொல்லியிருந்தால் செவ்வாய்க்கிழமைகள் போயிருக்கும்," என்றாள் மார்வா. "லின்டாவுக்கு அது அப்பாவின் கொடி. நான் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், இல்லாவிட்டால் கோபித்திருப்பாள். எதுவானாலும் அடுத்த கிழமை பழையபடி இருந்திருக்காது. எனக்கும் உன்னைப் போலத்தான். அந்த ஒரு பின்னேரம்தான் இருந்தது. அதை இழக்க நான் தயாரில்லை. ஒரு முட்டி துணி பெரிய விலையில்லை என்று அப்போது நினைத்தேன்."

இப்போது என்ன மாறிவிட்டது என்று துசியந்தி கேட்டாள். மார்வா சிரித்தாள். இப்போது செவ்வாய்க்கிழமை இல்லையே என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பேத்தியின் வகுப்பு டவுன் ஹோல் பார்க்கப் போனபோது தானும் கூடப் போன நாளைப் பற்றிச் சொன்னாள். பிள்ளை அந்த உருவத்தைக் காட்டி, இவர் ஏன் கும்பிடுகிறார் என்று கேட்டதாம். தன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்றாள்.

புறப்படும்போது மார்வா கதவடியில் நின்று ஒன்று சொன்னாள். "நீ என்ன வேண்டுமானாலும் பேசு. லின்டாவுக்காகப் பேசினாலும் நான் கோபிக்க மாட்டேன். ஆனால் என் கையைப் பற்றி அங்கே சொல்லாதே. அது என்னுடையது."

திரும்பும் வழியில் துசியந்தி பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே லாம்புக் கம்பங்களில் கொடிகள் வந்து வந்து போயின. அவளுக்கு அந்தக் கொடியல்ல, வேறொரு கொடி ஞாபகம் வந்தது. எத்தனையோ வருடமாக நினைத்துப் பார்க்காதது.

எண்பத்திரண்டில், பதினான்கு வயதில், பாடசாலை அணியோடு ரயிலேறிக் கொழும்புக்குப் போனாள். தீவு முழுவதிலிருந்தும் பள்ளிக்கூடங்கள் வந்திருந்தன. காலையில் எல்லாரையும் மைதானத்தில் நிறுத்திக் கொடியேற்றினார்கள். வாளேந்திய சிங்கம் மேலே போயிற்று. ஓரத்தில் இரண்டு கோடுகள். ஒரு கோடு உங்களுக்கு என்று வகுப்பில் படிப்பித்திருந்தார்கள். சிங்கத்தின் வாள் அந்தக் கோடுகளின் பக்கம் நீட்டியிருப்பதை அவள் அன்றுதான் கவனித்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே தலையைக் குனிந்து, புதிதாக வெள்ளையடித்த தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற கண்டிப் பிள்ளை நல்ல குரலில், நெஞ்சை நிமிர்த்திப் பாடினாள். அன்று பின்னேரம் அதே பிள்ளை கைநிறைய ஜம்புப்பழம் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தாள். நல்ல பிள்ளை. பக்கத்தில் நின்றவள் ஏன் குனிந்து நின்றாள் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

வீட்டுக்கு வந்து யோகராஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தார். பிறகு, "காய்ச்சல் எண்டு சொல்லிவிடும்," என்றார். "ரெண்டு பேரும் உமக்கு வேணும். ஏனப்பா நடுவுக்கை போய் நிக்கிறீர்?"

"ஏலாது. லின்டாவுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"வந்து என்ன சொல்லப் போறீர்?"

"தெரியேல்லை. பொய் சொல்ல மாட்டன், அவ்வளவுதான்."

வாக்கெடுப்பு நாளன்று டவுன் ஹோல் வாசலில் பொலிஸ் நின்றது. இரண்டு பக்கத்தாரும் தடுப்பு வைத்துப் பிரித்து விடப்பட்டிருந்தார்கள். லின்டா நல்ல கோட் போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, படிக்கட்டில் காத்திருந்தாள். துசியந்தியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. உள்ளே போகுமுன் துசியந்தி அவளை ஒரு ஓரமாகக் கூட்டிப்போய், நீ நினைக்கிறதை நான் பேசப் போவதில்லை, லின்டா, என்று சொல்லிவிட்டாள்.

லின்டா அவளை உற்றுப் பார்த்தாள். "அப்படியென்றால் ஏன் வந்தாய்?"

"நீ கூப்பிட்டாய். அதனால் வந்தேன். உன் முதுகுக்குப் பின்னால் பேச விருப்பமில்லை."

லின்டா திரும்பி உள்ளே போனாள். துசியந்தி அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். லின்டா எழுந்து வேறு இடத்துக்குப் போகவில்லை. மார்வா பின் வரிசையில், தேவாலயத்து ஆட்களோடு, அதே தொப்பியில் இருந்தாள்.

சிலர் பேசினார்கள். ஒருவர் வரலாற்றை அழிக்காதீர்கள் என்றார். ஒரு இளம்பெண் அழுதுவிட்டாள். பெயரைக் கூப்பிட்டதும் துசியந்தி எழுந்து மைக்கடிக்குப் போனாள். தாள் ஒன்றும் கொண்டுவரவில்லை.

"எனக்கு இந்தக் கொடியைப் பிடிக்கும்," என்று தொடங்கினாள். "நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் குளிரில் நடுங்கியபோது, என் தோழி இதைத்தான் எடுத்து என்மேல் போர்த்தினாள். அவளுடைய அப்பாவின் சவப்பெட்டிக்கும் இதைத்தான் போர்த்தினார்கள். நானும் அங்கே நின்று அழுதேன். அதனால் இதை விரும்புகிறவர்களை யாராவது கெட்டவர்கள் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்."

இடது பக்கத்தில் கை தட்டினார்கள். அவள் காத்திருந்தாள்.

"நான் பிறந்த நாட்டுக் கொடியில் எங்களுக்கென்று ஓரத்தில் ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் அதன் கீழே நிற்கும்போது நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு அது அழகான கொடி. அவள் எனக்குப் பழம் கொடுத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்த ஊரில் நான் அந்தப் பிள்ளையாக இருந்திருக்கிறேன் என்று போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. நான் சிரித்துக்கொண்டு நின்ற இடத்தில், பக்கத்தில் நின்றவர்களுக்குச் சிரிக்க முடியாமல் இருந்திருக்கிறது. கொடியை எடுத்துவிடுங்கள். எனக்கு அந்த நாட்கள் இருக்கின்றன. அவற்றை நீங்கள் எடுக்க முடியாது."

இந்தத் தடவை கை தட்டியது வலது பக்கம். அவளுக்கு இரண்டு கைதட்டலும் பிடிக்கவில்லை. இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது லின்டா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் நிறைந்திருந்தது. விழவில்லை. தீர்மானம் நிறைவேறியது. ஆறு வாக்கு வித்தியாசம். லின்டா கைப்பையை எடுத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு போன் எடுத்தால் லின்டா எடுக்கவில்லை. துசியந்தி கிறிஸ்மஸ் கார்டு போட்டாள். பதில் வரவில்லை. யோகராஜா, நான் அப்பவே சொன்னனான் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவள் நடைவழியில் படத்தடியில் நிற்பதைக் கண்டால் மட்டும், தேத்தண்ணி குடிப்பமே என்று கூப்பிடுவார்.

பங்குனியில் கொடியை இறக்கினார்கள். கவுன்சில் பெரிய விழா எடுக்கவில்லை. இருபது முப்பது பேர் வந்திருப்பார்கள். காற்று ஊசியாகக் குத்தியது. யாரும் கத்தவில்லை. இறக்குவது என்று வந்த பிறகு, வேண்டாம் என்றவர்களும் வேண்டும் என்றவர்களும் ஒரே மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கயிறு உருளையில் கிறீச்சிட்டது. நீலத் துணி இறங்கி வந்தபோது, அதன் மஞ்சள் கரை எவ்வளவு வெளிறிப்போயிருக்கிறது என்பதைத் துசியந்தி கண்டாள். அவள் கேட்டுத்தான் இறக்குகிறார்கள். ஆனாலும் அழுகை வந்தது. யோகராஜா தன் கைலேஞ்சியைக் கொடுத்தார்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் லின்டா வந்திருப்பது தெரிந்தது. மதிலோரம் தனியாக நின்றாள். துசியந்தி போகலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்க, மார்வா அவளைக் கடந்து நடந்து போனாள். முழங்கால் வலியோடு, அவசரமில்லாமல். லின்டாவுக்கு முன்னால் நின்று ஏதோ சொன்னாள். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. மார்வா வலது கையை உயர்த்தி, விரல்களை மெல்ல மூடி, முட்டியாக்கிக் காட்டுவது மட்டும் தெரிந்தது. லின்டா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கம்பத்தைப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மார்வா போய்விடவில்லை. பக்கத்தில், அதே மதிலில் சாய்ந்துகொண்டு நின்றாள். கொடியை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, ஆட்கள் கலைந்து, காரியாலயத்துக்காரர்கள் கதவை மூடும்வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

என்ன பேசினார்கள் என்று துசியந்தி கேட்கவில்லை. மார்வாவும் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்து லின்டாவே போன் எடுத்தாள். கொடியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வான் வைத்திருந்த தம்பிக்கு இருதயத்தில் ஏதோ பிரச்சினை என்று சொன்னாள். பேசிக்கொண்டே இருந்தாள். வைக்கும்போது மட்டும், "அவள் என்னிடம் சொல்லியிருக்கலாம், டூசி," என்றாள். சற்றுப் பொறுத்து, "நானும் கேட்டிருக்கலாம்," என்றாள்.

கோடையில் விளையாட்டு மண்டபத்தில் வயதான பெண்களுக்கு நடந்தபடி விளையாடும் வலைப்பந்து தொடங்கினார்கள். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. மார்வா முதல் நாளே பெயர் கொடுத்துவிட்டு, துசியந்தியையும் இழுத்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. செவ்வாய்க்கிழமை மண்டபம் பூப்பந்துக்காரருக்காம். துசியந்தி கிளினிக்கில் ஷிப்ட் மாற்றிக்கொண்டாள். முதல் நாள் எறிந்த பந்தொன்றும் வலைக்குக் கிட்டவும் போகவில்லை. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஓரத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டார்கள்.

லின்டாவை நடுவராக வரச் சொன்னார்கள். எனக்கு அந்தப் பைத்தியக்கார விளையாட்டில் விருப்பமில்லை, நடந்து நடந்து விளையாடுவதும் ஒரு விளையாட்டா என்றாள். ஒரு வியாழக்கிழமை வந்தாள். அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமை பாதி ஆட்டத்தில் வந்து, கார் நிறுத்த இடமில்லை என்று கவுன்சிலைத் திட்டிக்கொண்டே கோட்டைக் கழற்றினாள். மார்வா வாங்கில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்து இடம் விட்டாள். லின்டா உட்காரவில்லை. கோட்டை அங்கே போட்டுவிட்டுத் திடல் ஓரத்துக்கு வந்து, இடுப்பில் கை வைத்தாள்.

"கால், டூசி! காலைப் பார்!"

துசியந்தி காலைப் பார்க்கவில்லை. பந்தை மார்வாவுக்கு எறிந்தாள்.